எச்ஐவி-க்கான டிஎல்டி மாத்திரைக்கு மாறிய பிறகு வயிறு மட்டும் போடுகிறது, பெண்கள் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

செம்பருத்தி

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 44 வயது. 2011-இல் எச்ஐவி-க்கான கூட்டு மருந்து (ஏஆர்டி) ஆரம்பித்தேன். முதலில் ஜிடோவுடின் கலந்தது கொடுத்தார்கள், ரத்தம் குறைந்துபோனதால் ராத்திரி போடும் எஃபவிரென்ஸ் கலந்த ஒற்றை மாத்திரைக்கு மாற்றினார்கள், அப்புறம் எல்லோரையும் போல டிஎல்டி. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, டெஸ்டில் தெரியவே இல்லை, எதிர்ப்புச் செல் கணக்கான சிடி4 700-க்கு மேல். அந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் உடம்பின் வடிவமே மாறிவிட்டது. 51 கிலோ இருந்தவள் இப்போது 61. ஏறியதெல்லாம் வயிற்றிலும் மார்பிலும்தான், கை கால் அப்படியே குச்சி. ஜாக்கெட் கைக்குச் சரியாகத் தைத்தால் முன்பக்கம் ஊக்கு மாட்டாது, மார்புக்குப் பார்த்துத் தைத்தால் கை தொளதொளவென்று நிற்கிறது. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் நாலு பேர் நடுவில் என் வயிற்றைப் பார்த்து "என்ன அண்ணி, விசேஷமா?" என்று கேட்டுவிட்டாள். சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

மாத்திரை தரும் ஏஆர்டி சென்டரில் சொன்னால் "உடம்பு தேறியிருக்கிறது, சந்தோஷப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் வயிறு இறங்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கடலூர்க்காரி

நிறுத்தாதீர்கள் அக்கா. தயவுசெய்து. வயிறு இறங்காது, வைரல் லோடுதான் ஏறும். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

மல்லிகை

செம்பருத்தி, நாத்தனார் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கு ஒன்றும் கற்பனை இல்லை, உங்கள் உடம்பில் நடப்பது நிஜமாக நடப்பதுதான், முதலில் அதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் பழைய ஆள். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நம் நாட்டில் அரசாங்கம் இலவசமாக இந்த மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தது, முதலில் எட்டு மையங்கள்தான், அதில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அடுத்த வருடம் நான் சேர்ந்தேன். அப்போது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் கலந்த மாத்திரை. உயிரைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்கவே மாட்டேன், தூக்கிக்கொண்டு போனவர்கள் நடந்து திரும்பி வந்ததை நேரில் பார்த்தவள் நான். ஆனால் இரண்டு மூன்று வருடம் போனதும் கன்னம் ஒட்டியது, பொட்டுப் பக்கம் குழி விழுந்தது, கையில் நரம்பு கயிறு மாதிரி எழும்பி நின்றது. பின்பக்கச் சதை கரைந்துபோய், சென்டரில் அந்த மர பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்தும், ஒரு துண்டை மடித்துப் பையிலேயே வைத்திருப்பேன், அதைப் போட்டுத்தான் உட்காருவேன். டோக்கன் வரிசையில் என்னைப்போல நாலைந்து பெண்கள், எல்லோருடைய முகமும் ஒரே முகம். தெருவில் போனால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் வெளியே சொல்லவில்லை, முகம் சொல்லிவிட்டது.

2009 கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக விட்டுவிடச் சொன்னது. அதன்பின் இங்கேயும் மெதுவாக மாற்றினார்கள். கை காலில் கொஞ்சம் சதை திரும்பியது. கன்னம் முழுசாகத் திரும்பவில்லை, இன்றைக்கும் போட்டோ எடுத்தால் திரும்பிக்கொள்வேன்.

உங்களுக்கு நடப்பது அது இல்லை. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கல்லணை

எல்லோர் மீதும் மரியாதை வைத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2002, 2003-இல் என் நண்பர்கள் எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார்கள், மாத்திரை வாங்கக் காசு இல்லை. அவர்களில் ஒருவனாவது பத்துக் கிலோ ஏறி உட்கார்ந்திருந்தால் நான் கோயிலில் மொட்டை போட்டிருப்பேன். சகோதரிக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று சென்டரில் சொன்னதில் என்ன தப்பு? தினமும் நடந்தால் வயிறு குறையும். இதைப் பெரிதாக்கிப் பேசிப் பேசித்தான் சிலர் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள் என்பது என் கவலை.

விடியல்

கல்லணை அண்ணா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் நான் பார்த்தது நேர் எதிர். எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்திலும் அப்புறம் ஏஆர்டி சென்டரிலும் கவுன்சலராக இருந்தவள் நான். மாத்திரையை விட்ட பெண்களில் பலர் யாரிடமும் பேசாமல் விட்டவர்கள். கேட்டால் "தலை சுற்றியது", "ஊருக்குப் போயிருந்தேன்" என்பார்கள், நாலாவது முறை உட்கார வைத்துப் பேசினால்தான் "வயிறு வைத்துவிட்டது மேடம், வீட்டுக்காரர் கேலி செய்கிறார்" என்று வரும். பேசாததால்தான் விடுகிறார்கள்.

செம்பருத்திக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

பழைய மருந்துகளில், அதாவது ஸ்டாவுடினிலும் கொஞ்சம் குறைவாக ஜிடோவுடினிலும், நடந்தது கொழுப்புக் கரைதல். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு டிஎன்ஏ உண்டு, அதைப் படியெடுக்கும் நொதியை அந்த மருந்துகள் தடுத்தன. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள் அதனால் செத்தன. முகம், கை, கால், பின்பக்கம் இவை ஒட்டிப்போனது அதனால்தான். வயிறு போடுவது தனிக் கதை. ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து லிப்போடிஸ்ட்ரோபி என்று ஒரே பேர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஃப்ராம் என்ற ஆய்வில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக ஸ்கேன் எடுத்து அளந்து பார்த்தபோது, கை கால் கரைந்தவர்களுக்குத்தான் வயிறு போடும் என்று ஒரு தொடர்பும் இல்லை, இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது. நீங்கள் ஜிடோவுடின் கொஞ்ச காலம் எடுத்திருக்கிறீர்கள் என்பதால் கை கால் மெலிவில் அதன் பங்கும் இருக்கலாம்.

இப்போது டிஎல்டி. அதாவது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மூன்றும் ஒரே மாத்திரையில். இதில் எடை ஏறுகிறது என்பது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் அட்வான்ஸ் என்று ஒரு பெரிய சோதனை நடந்தது, 1,053 பேர், பாதிக்கு மேல் பெண்கள். 48 வாரத்தில் டோலுடெக்ராவிரோடு நம் டெனோஃபோவிர் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 3 கிலோ ஏறியது, டெனோஃபோவிரின் புது வடிவமான டாஃப் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 6 கிலோ, எஃபவிரென்ஸ்காரர்களுக்கு 2 கிலோவுக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கேமரூனில் நடந்த இன்னொரு சோதனையில் டோலுடெக்ராவிர்காரர்களுக்கு 5 கிலோ, எஃபவிரென்ஸ்காரர்களுக்கு 3 கிலோ.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். எஃபவிரென்ஸ் சில பேருடைய உடம்பில் மெதுவாகத்தான் கரையும், பரம்பரையாக வருகிற அமைப்பு அது, அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மருந்து எடையை ஏறவிடாமல் அழுத்தியே வைத்திருக்கிறது. அதை நிறுத்தியதும் அழுத்தம் போய், பல வருடமாக ஏற வேண்டியது ஒன்றாக ஏறுகிறது. அதனால் உங்கள் 10 கிலோவில் எத்தனை கிலோ புது மருந்தின் வேலை, எத்தனை பழைய மருந்து விலகியதால் வந்தது, எத்தனை 44 வயதில் மாதவிடாய் நிற்கப் போகும் நேரத்தில் எந்தப் பெண்ணுக்கும் வரும் வயிறு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

"மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கலாமா என்றால், திரும்ப மாற்றியவர்களுக்கு எடை பெரிதாக இறங்கியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நிறுத்திப் பார்ப்பது அதைவிட மோசம். மாத்திரை நின்றதும் சில வாரத்தில் வைரஸ் திரும்பி ஏறும், அந்த வைரஸே உள்ளுக்குள் வீக்கத்தை (அழற்சி) உண்டாக்கி ரத்தக் குழாயைக் கெடுக்கும். 2006-இல் ஸ்மார்ட் என்ற சோதனையில் விட்டு விட்டு மருந்து எடுத்தவர்களுக்கு மரணம் மட்டுமல்ல, இதய நோயும் அதிகமாக வந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

கல்லணை

விடியல் சகோதரி விளக்கியதற்கு நன்றி. யாரிடமும் பேசாமல் விடுகிறார்கள் என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நடையைக் கைவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மல்லிகை

தம்பி, நடக்க வேண்டாம் என்று இங்கே யார் சொன்னார்கள்? உயிர் பிழைத்தோமே என்று நன்றியோடும் இருக்கலாம், உடம்பு மாறியதற்கு வருத்தமும் படலாம். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று நம்மிடம் மட்டும்தான் சொல்கிறார்கள்.

செம்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. நிறுத்த மாட்டேன். படித்துவிட்டு ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தையல் டேப்பில் இடுப்பை அளந்தேன், 92 செ.மீ. வருகிறது. இது அதிகமா?

விடியல்

எங்கே வைத்து அளந்தீர்கள்? புடவைக் கொசுவம் செருகும் இடத்தில் அளந்தால் சரியாக வராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் நுனிக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு, அமெரிக்கக் கணக்கில் இது 88. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகிறது, அதனால் அளவும் குறைவு. உங்கள் உயரம் தெரியவில்லை, ஆனால் 61 கிலோ என்பதைப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று எடை மெஷின் சொல்லிவிடும். குடலைச் சுற்றி உள்ளே சேரும் கொழுப்பை எடை மெஷினால் காட்ட முடியாது. சென்டர்களில் எடையை மாதா மாதம் குறிக்கிறார்கள், இடுப்பை அளக்க ஒரு டேப் கூட மேஜையில் இருக்காது. எனக்கு இந்த விஷயத்தில் நிஜமாகவே கோபம் உண்டு. ஒரு டேப் பத்து ரூபாய்.

அடுத்த முறை போகும்போது வெறும் வயிற்று சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் கேளுங்கள். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இடுப்பு அளவைச் சென்டரில் நமக்குப் போடும் பச்சைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அடுத்த முறை யாரும் "தேறியிருக்கிறது" என்று அனுப்ப முடியாது.

பொன்னி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சர்க்கரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. எனக்கு டிஎல்டிக்கு மாறி ஒரு வருடத்தில் சர்க்கரை வந்தது. வெளியே ஒரு டாக்டரிடம் மெட்ஃபார்மின் காலையில் 1000, ராத்திரி 1000 என்று எழுதித் தந்தார். வாங்கப் போன கடையில் இருந்த பெண், நான் ஏஆர்டி எடுக்கிறேன் என்று தெரிந்தவள், "அக்கா, டோலுடெக்ராவிரோடு இவ்வளவு கூடாது, கேட்டுவிட்டு வாருங்கள்" என்றாள். டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினைச் சிறுநீரில் வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறதாம், அதனால் ரத்தத்தில் அளவு கூடிவிடும், ஒரு நாளுக்கு மொத்தமே 1000-க்கு மேல் போகக் கூடாது. மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன், குறைத்துவிட்டு வேறு ஒன்று சேர்த்தார்.

வெளி டாக்டரிடம் சொல்லத் தயங்குபவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். 2017-இல் வந்த எச்ஐவி சட்டப்படி, அதில் சொல்லியிருக்கும் சில விலக்குகள் தவிர, நம் விவரத்தை நம் சம்மதம் இல்லாமல் அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு நாம் மறைத்தோமா சொன்னோமா என்பது தெரியாது.

விடியல்

பொன்னி சொன்னது அத்தனையும் சரி. அதோடு, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் டிஎல்டியோடு சேர்த்துப் போடாதீர்கள், டோலுடெக்ராவிர் உடம்பில் சேராமல் போய்விடும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம், இல்லையென்றால் டிஎல்டி போட்டு இரண்டு மணி நேரம் விட்டு மற்றதைப் போடுங்கள். டிவியில் விளம்பரம் வருகிற கொழுப்பு கரைக்கும் பொடி எதுவும் வேண்டாம். ஆர்லிஸ்டாட் என்று ஒரு எடை குறைப்பு கேப்ஸ்யூல் கடையில் கிடைக்கிறது, அது சாப்பாட்டுக் கொழுப்போடு நம் மருந்தையும் சேரவிடாமல் செய்து, சிலருக்கு வைரல் லோடு ஏறியிருக்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

மழைத்துளி

அக்காக்களே, எனக்கு 27. குழந்தை இப்போது வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி போடுகிறேன், டிஎல்டியும் எடுக்கிறேன். ஒரு வருடத்தில் 7 கிலோ. எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடியல்

அந்தராவில் உள்ள மருந்துக்கும் எடை ஏற்றும் குணம் உண்டு தங்கச்சி, இரண்டும் சேர்ந்திருக்கலாம். ஊசியை மட்டும் தவறவிட்டுவிடாதே, மாற்று ஏற்பாடு செய்துகொண்டு நிறுத்து. காப்பர் டி-யில் ஹார்மோன் கிடையாது, அதனால் எடை ஏறாது, அதைப் பற்றி நர்ஸிடம் கேள். வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவா, இல்லையா என்பதைப் பொறுத்து ஆணுறை விஷயமும் பேச வேண்டும். தனிச் செய்தியில் கேட்கிறேன்.

நீலா_கோவை

நான் முதல் மருந்து பலிக்காதபோது தரும் இரண்டாம் வரிசை மருந்தில் இருக்கிறேன், அட்டாசனாவிர் ரிட்டோனாவிர். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் திமில் மாதிரி ஒன்று எழும்பியிருக்கிறது, முகம் உருண்டையாகிவிட்டது, தொடையில் ஊதா கலரில் கோடு கோடாக வருகிறது. இதுவும் அதே கொழுப்பு விஷயம்தானா?

விடியல்

நீலா, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து எடுக்கிறீர்களா? இல்லை, முட்டி வலிக்கு மூட்டில் ஊசி போட்டீர்களா?

நீலா_கோவை

ஆமாம்!! இன்ஹேலர் இரண்டு வருடமாக. ஏன்?

விடியல்

உடனே சென்டர் டாக்டரைப் பாருங்கள், இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரிட்டோனாவிர், இன்ஹேலரில் இருக்கிற சில ஸ்டீராய்டுகளைக் கல்லீரல் உடைக்கவிடாமல் தடுக்கும். ஃப்ளூட்டிகசோன், புடெசோனைட் இரண்டும் அதில் சேரும், மூட்டில் போடுகிற டிரையாம்சினலோனும் அப்படித்தான். உறிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் ரத்தத்தில் மாதக் கணக்கில் தேங்கி, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது போலவே ஆக்கிவிடும். உருண்டை முகம், திமில், ஊதாக் கோடு எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாக கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்க முடியாமல் மயக்கம் போட்டு விழும் ஆபத்து உண்டு, அதனால்தான் டாக்டர் பார்த்துப் படிப்படியாக மாற்ற வேண்டும் என்கிறேன். பெக்லோமெத்தசோன் என்று பாதுகாப்பான இன்ஹேலர் இருக்கிறது.

அது இல்லை, வெறும் கொழுப்புத்தான் என்று உறுதியானால் வேறு வழிகள் பார்க்கலாம். அமெரிக்காவில் 2010-இல் டெசாமொரெலின் என்று தினசரி ஊசி ஒன்றை இதற்கென்றே அனுமதித்தார்கள், வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். நம் அரசு மையங்களில் அது இல்லை. செமாக்ளூடைட் ஊசி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எச்ஐவி உள்ளவர்களிடம் சிறு அளவில் சோதித்ததில் வயிற்றுக் கொழுப்பு குறைந்தது, ஆனால் சதையும் சேர்ந்து குறையும், விலையும் எல்லோருக்கும் எட்டாது.

கடலூர்க்காரி

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்குப் பலன் கொடுத்தது, பட்டினி இல்லை. பனியன் கம்பெனியில் வேலை, டீ டைம் என்றால் சர்க்கரை போட்ட டீயும் பன்னும். அந்தப் பன்னை நிறுத்திவிட்டுச் சுண்டல் கொண்டு போக ஆரம்பித்தேன், ராத்திரி சோற்றைக் குறைத்து முட்டையும் கீரையும் கூட்டினேன். வெறும் நடை மட்டும் போதவில்லை, தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று கை கால் சதைக்கு வேலை கொடுத்த பிறகுதான் இடுப்பு நாலு செ.மீ. இறங்கியது. எடை ஒரு கிலோதான் குறைந்தது, ஆனால் பிரஷர் இறங்கிவிட்டது. கல்லணை அண்ணா, நடையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி

நேற்று சென்டர் போய் வந்தேன். எப்போதும் இருக்கிறவர் இல்லை, புது டாக்டர் அம்மா. உட்கார்ந்ததும் "எடை ஏறியதைப் பற்றிப் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டேன், டோக்கன் கூப்பிடும் முன்பே. டேப் நர்ஸிடம் இருந்தது! விலா எலும்புக் கணக்கில் அளந்தால் 89. வெறும் வயிற்று சர்க்கரை 114, டிரைகிளிசரைடு 236, பிரஷர் 138/88. சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார். டிஎல்டியைத் தொடர வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார். 40 வயதுக்கு மேல் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை நல்லது, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். எனக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் இல்லை என்றால் எதற்கு அது?

விடியல்

ரொம்ப நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார். 2023-இல் ரிப்ரீவ் என்ற சோதனையின் முடிவு வந்தது, 12 நாடுகள், நம் நாடும் அதில் உண்டு, 40 முதல் 75 வயது வரை எச்ஐவி உள்ள 7,769 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதய ஆபத்து பெரிதாக இல்லை என்று நினைத்தவர்களுக்கே பிடாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. வைரஸ் அடங்கியிருந்தாலும் உள்ளுக்குள் லேசான வீக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நமக்கு இதய நோய் சீக்கிரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சர்க்கரை வரும் வாய்ப்பை ஸ்டாட்டின் கொஞ்சம் கூட்டும், உங்கள் 114-ஐ வைத்து அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு இதனால் குறையாது, அது வேறு விஷயம். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், மழைத்துளி உனக்காகச் சொல்கிறேன்.

பொன்னி

செம்பருத்தி, இன்னொன்று. மூன்று மாதம் கழித்துப் போகும்போது "ஹெச்பிஏ1சி எடுத்தால் போதும், சாப்பிட்டுவிட்டே வரலாம்" என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அந்த மூன்று மாத சராசரி உண்மையைவிடக் குறைவாகக் காட்ட வாய்ப்பு உண்டு. வெறும் வயிற்று சர்க்கரைதான் வேண்டும் என்று கேளுங்கள். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது. முதல் பஸ்ஸில் வருகிறவர் என்றால் இட்லிப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிட்டுவிடலாம். மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே போடுங்கள், டிஎல்டிக்குச் சாப்பாடு கட்டாயம் இல்லை.